விற்ற காரை ‘என்னுடைய கார்’ என்று ஏன் சொல்கிறோம்?

திருகோணமலையில் மொடல் கார்களைச் சேர்ப்பவர்களும் ஓட்டுபவர்களுமாக நான் அறிந்த வட்டம் மிகச் சிறியது. அதனால் இங்கே ஒரு கார் விற்கப்பட்டால் அது பெரும்பாலும் கண்காணாத இடத்துக்குப் போய்விடுவதில்லை. உவர்மலையில் ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து உப்புவெளியில் இன்னொரு வீட்டு அலுமாரிக்குப் போகிறது, அவ்வளவுதான். விற்றவர் ஏதோ ஒரு மாலையில் அதை மீண்டும் காண்கிறார். காணும்போது முகம் மாறுகிறது. வாய் தவறி “என்னுடைய கார்” என்றும் சொல்லிவிடுகிறார்.

பக்கத்தில் நிற்பவர்கள் இதற்கு மூன்று விளக்கங்களை வைத்திருக்கிறார்கள். கேட்ட விலை கிடைக்கவில்லைப் போலும் என்பது ஒன்று. இந்த வயதில் விளையாட்டுச் சாமானுக்கு ஏங்குவது சிறுபிள்ளைத்தனம் என்பது இன்னொன்று. கொஞ்சம் உளவியல் படித்தவர் இருந்தால், “இது உடைமை விளைவு” என்று ஒரு கலைச்சொல்லைப் போட்டுப் பேச்சை முடித்துவிடுவார். முதல் இரண்டும் தவறு என்பதை எளிதாகக் காட்டலாம். மூன்றாவது பாதி சரி, ஆகையால்தான் அதை விளக்குவது கடினம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்றாவதை நேராக்குவதற்காக எழுதப்படுகிறது.

பேசப்படும் பொருள் எது

‘மொடல் கார்’ என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, துத்தநாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படும் சிறிய கார். 1953இல் தொடங்கிய மட்ச்பொக்ஸ், 1968இல் வந்த ஹொட் வீல்ஸ் ஆகியவை இந்த வகை. இவற்றிற் பல 1:64 என்ற அளவையொட்டிச் செய்யப்படுகின்றன; அதாவது உண்மைக் காரின் நீளத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நாலரை மீற்றர் நீளமுள்ள கார் இந்த அளவில் ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றராகி உள்ளங்கையில் அடங்கிவிடும்.

மற்றையது ரிமோட்டால் ஓட்டப்படும் கார். ஜப்பானின் டமியா நிறுவனம் 1976இல் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. இவ்வகைக் கார்கள் பல, பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வரும். கியர்பெட்டியிலிருந்து ஓட்டுநர் பொம்மையின் தலைக்கவசத்துக்கு நிறம் தீட்டுவது வரை எல்லாவற்றையும் வாங்கியவரே செய்ய வேண்டும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு சைக்கிளும் ஓர் அடகுச் சீட்டும்

பத்து வருடங்கள் ஓட்டிய சைக்கிளை விற்ற ஒருவர், அதைப் பிறகு பஸ் நிலையத்துக்கு அருகில் சாத்தி வைத்திருக்கக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கண் முதலில் எங்கே போகும்? சங்கிலி மூடியில் தானே கம்பி கட்டிய இடத்துக்கு. அந்தக் கட்டு இன்னும் நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் ஒரு திருப்தி. புதிய உரிமையாளர் அதை அறுத்தெறிந்துவிட்டு வேறு மூடி போட்டிருந்தால் ஒரு சிறிய மனத்தாங்கல். சைக்கிள் தன்னுடையது அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கண் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

இப்போது இதற்கு மறுதலையான ஒன்றைப் பாருங்கள். அம்மாவின் சங்கிலி வங்கியில் அடகில் இருக்கிறது. வீட்டில் இல்லை, கழுத்தில் இல்லை, பல மாதங்களாகக் கண்ணில்கூடப் படவில்லை. ஆனாலும் யாரும் அதை இழந்துவிட்டதாகப் பேசுவதில்லை. சீட்டு கையில் இருக்கும்வரை அது எங்கள் சங்கிலிதான். அடகில் பொருள் தொலைவில் இருக்கிறது, உரிமை வீட்டில் இருக்கிறது. விற்ற சைக்கிளில் பொருள் கண்ணெதிரே நிற்கிறது, உரிமை போய்விட்டது. மனம் இந்த இரண்டையும் வெவ்வேறாகத்தான் எண்ணுகிறது. ஆக, பொருள் அருகில் இருப்பதும், சட்டப்படி அது நம்முடையதாக இருப்பதும், மனத்தில் அது நம்முடையதாக இருப்பதும் மூன்று தனித்தனி விடயங்கள். இந்த மூன்றாவதே இக்கட்டுரையின் பொருள்.

சட்டம் அறியாத உடைமை

இந்த மூன்றாவதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘உளவியல் உடைமையுணர்வு’: ஒரு பொருளின் மீது சட்டப்படி உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது ‘என்னுடையது’ என்று மனம் கொள்ளும் நிலை. ஜோன் பியர்ஸ், ரற்றியானா கொஸ்ரோவா, கேர்ட் டேர்க்ஸ் ஆகிய மூவர் 2001இல் இதனை ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். அவர்கள் மொடல் கார்களைப் பற்றி எழுதவில்லை. வேலைத்தலங்களைப் பற்றி எழுதினார்கள். ஒரு பங்குகூடச் சொந்தமில்லாத தொழிலாளி ‘எங்கள் கொம்பனி’ என்று சொல்வது எதனால் என்பதே அவர்களுடைய கேள்வி.

எங்கள் ஊரில் இதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. நாள் வாடகைக்கு முச்சக்கரவண்டி எடுத்து ஓட்டுபவரைப் பாருங்கள். வண்டி முதலாளியுடையது. ஆனால் காலையில் துடைத்துப் பூ வைப்பவர் அவர், எந்தத் திருப்பத்தில் அது இழுக்கும் என்று அறிந்தவர் அவர், “என்னுடைய வண்டியில் கைவைக்காதே” என்று சண்டைக்குப் போகிறவரும் அவரே. சட்டப்படி இன்னும் சொந்தமாகாத பொருளை அவர் தன்னுடையது என்கிறார். சட்டப்படி சொந்தம் முடிந்துபோன பொருளை மொடல் காரை விற்றவர் தன்னுடையது என்கிறார். இரண்டும் ஒரே இயக்கம்தான். முதலாவதைக் கண்டு நாம் சிரிப்பதில்லை, இரண்டாவதைக் கண்டு மட்டும் சிரிக்கிறோம்.

‘என்னுடையது’ ஆகும் மூன்று வழிகள்

உடைமையுணர்வு மூன்று வழிகளில் உண்டாகிறது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பொருளைக் கட்டுப்படுத்துவது முதலாவது வழி. அதை நெருங்கி அறிவது இரண்டாவது. தன்னையே அதில் இடுவது, அதாவது நேரத்தையும் உழைப்பையும் கவனத்தையும் அதற்குள் செலுத்துவது மூன்றாவது.

ரிமோட் கார் இந்த மூன்றையும் கேட்கும் பொருள் என்பதைக் கவனியுங்கள். கட்டுப்பாடு என்பது இங்கே உவமை அல்ல. பெருவிரல் அசைந்தால் சக்கரம் திரும்புகிறது. கொஞ்ச நாள் பழகியபின் கை என்ன செய்கிறது என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை, நினைத்த பக்கம் கார் போகிறது. அறிவு என்பது கையேட்டில் இல்லாத அறிவு. டச் பே கடற்கரை மணலில் ஓட்டினால் எந்த அச்சில் மணல் போய்ச் சேரும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி மோட்டாரை எப்படி அடைக்கும், பற்றரி தீரப்போகும்போது சத்தம் எப்படி மெலியும் என்பவையெல்லாம் அந்த ஒரு காரோடு வாழ்ந்தவருக்கே தெரியும். கடல் மண்ணின் உப்பு எங்களுக்கு இது தொடர்பாக நிறையவே கற்றுத் தந்திருக்கிறது. ஓட்டி முடித்த அன்றே திருகுகளைத் துடைத்து எண்ணெய் தொடாவிட்டால் அடுத்த கிழமை அவை துருவேறிக் கழல மறுக்கும். உழைப்பைப் பற்றித் தனியே பார்க்கப் போகிறோம்.

இனி விற்பனைக்கு வருவோம். காரையும் ரிமோட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து, காசை எண்ணி வாங்கும் அந்த நொடியில், இந்த மூன்றில் எது கைமாறுகிறது? கட்டுப்பாடு மட்டுமே. ரிமோட் இனி இன்னொருவர் கையில். நெருங்கிய அறிவை யாரும் கழற்றிக் கொடுத்துவிட முடியாது, அது விற்றவரின் தலைக்குள்ளேயே இருக்கிறது. இட்ட உழைப்பைத் திரும்ப எடுக்கவும் முடியாது, விற்றதால் அது செய்யப்படாததாகிவிடுவதும் இல்லை. உடைமையுணர்வைக் கட்டிய மூன்று தூண்களில் ஒன்றை மட்டும் எடுத்தால் கூரை உடனே விழாது. பற்று விற்பனைக்குப் பிறகும் நீடிப்பதன் அடிப்படைக் காரணம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சட்டப்படியான உரிமை ஒரு நொடியில் முழுவதுமாகக் கைமாறும், மனத்தின் உடைமையுணர்வு பகுதியாகவே கைமாறும், மீதி மெதுவாகவே கரையும்.

கோப்பைப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

இப்போது அந்தக் கலைச்சொல்லுக்கு வரலாம். ‘உடைமை விளைவு’ என்பது, ஒரு பொருள் நம் கைக்கு வந்தவுடனேயே அதற்கு நாம் வைக்கும் விலை உயர்ந்துவிடுவதைக் குறிக்கும். இந்தப் பெயரை 1980இல் வழங்கியவர் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர். 2017இல் நோபல் பரிசு பெற்றவர்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டியது பொருளியலாளர் ஜக் நெட்ச் 1989இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை. மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரிடம் கோப்பையா சொக்கலேற்றா என்று கேட்டபோது 56 சதவீதத்தினர் கோப்பையைத் தெரிந்தெடுத்தனர், ஏறக்குறையச் சரிபாதி. இரண்டாவது குழுவுக்கு முதலிலேயே கோப்பையைக் கொடுத்துவிட்டு, விரும்பினால் சொக்கலேற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 89 சதவீதத்தினர் மாற்றவில்லை. மூன்றாவது குழுவுக்குச் சொக்கலேற்றைக் கொடுத்துவிட்டு அதே வாய்ப்பைக் கொடுத்தபோது, 10 சதவீதத்தினர் மட்டுமே கோப்பைக்கு மாறினர். பொருள் அதே பொருள். முதலில் கைக்கு வந்தது எது என்பது மட்டுமே வேறு. அடுத்த ஆண்டு உளவியலாளர் டானியல் கானெமனும் நெட்ச், தேலர் இருவரும் சேர்ந்து கோப்பைகளை வைத்துச் சந்தை நடத்திப் பார்த்தபோது, விற்பவர்கள் கேட்ட விலை வாங்குபவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இதற்கு வழமையாகச் சொல்லப்படும் காரணம் ‘இழப்பு வெறுப்பு’: ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியை விட அதே ஒன்றை இழக்கும் வலியை மனம் பெரிதாக எடுத்துக்கொள்கிறது.

உளவியல் படித்தவர் சொன்ன அந்த மூன்றாவது விளக்கம் ஏன் பாதி மட்டுமே சரி என்பது இங்கே தெரிகிறது. அந்த மாணவர்கள் கோப்பையைச் சில நிமிடங்களே வைத்திருந்தார்கள். யாரும் அதன் மீது பாசம் வைக்கவில்லை, யாரும் பிறகு அதை நினைத்து ஏங்கவும் இல்லை. உடைமை விளைவு விற்பனைக்கு முன்னர் இயங்குவது, விலையைப் பற்றியது. வீட்டில் இருப்பதை விற்க மனம் வராததையும், விற்க முன்வந்தாலும் சந்தை தராத விலையைக் கேட்பதையும் அது விளக்கும். கேட்ட விலையை முழுதாகப் பெற்றுக்கொண்டு, மூன்று வருடங்களுக்குப் பின் ஒரு கார் போகும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதை அது விளக்காது.

இன்னொரு சான்றும் உண்டு. ஜோன் லிஸ்ற் என்பவர் விளையாட்டு வீரர் அட்டைகள் விற்கப்படும் சந்தையில் செய்த ஆய்வை 2003இல் வெளியிட்டார். அடிக்கடி வாங்கி விற்றுப் பழகியவர்களிடம் உடைமை விளைவு மங்கிப்போவதைக் கண்டார். ஹொட் வீல்ஸ் கார்களைப் பெட்டியைப் பிரிக்காமலே பத்துப் பத்தாக வாங்கி விற்பவர் எந்தச் சலனமும் இல்லாமல் விற்கிறார் என்றால் அது இந்தப் பழக்கம். அதே வியாபாரியிடம், அவர் சிறுவயதில் உருட்டி விளையாடி நிறமிழந்த ஒரு பழைய மட்ச்பொக்ஸ் காரைக் கேட்டுப் பாருங்கள். வேறொரு மனிதரைக் காண்பீர்கள்.

பனங்காய் வண்டில்

உழைப்புக்கு வருவோம். இரண்டு பனங்காய்களைத் துளைத்து ஒரு தடியை அச்சாகக் கோத்து, நீண்ட கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் பனங்காய் வண்டிலை எங்கள் முந்தைய தலைமுறை செய்து விளையாடியது. பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கி, பால்மா ரின்னில் பூட்டிய வண்டி அதற்குப் பிந்தியது. சந்தையில் இவற்றுக்கு ஒரு சதமும் கிடையாது. ஆனால் கடையில் வாங்கிக் கொடுத்த பிளாஸ்ரிக் காரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடும் சிறுவன், தான் செய்த ரின் வண்டியைக் கொடுக்க மாட்டான்.

2012இல் மைக்கல் நோர்ட்டன், டானியல் மொகொன், டான் ஏரியலி ஆகியோர் இதற்கு ‘ஐக்கியா விளைவு’ என்று பெயரிட்டார்கள். துண்டுகளாக வாங்கி வீட்டில் பொருத்த வேண்டிய தளபாடங்களை விற்கும் சுவீடன் நிறுவனத்தின் பெயர் அது. நாமே செய்து முடித்த பொருளுக்கு நாம் கூடுதல் மதிப்புக் கொடுப்பதை இந்தச் சொல் குறிக்கும். அவர்களுடைய பரிசோதனை ஒன்றில் காகிதம் மடித்துப் பழக்கமில்லாதவர்கள் தாங்கள் மடித்த உருவத்துக்குச் சராசரியாக 23 அமெரிக்கச் சதம் தர முன்வந்தார்கள். வேறு ஆட்கள் அதே உருவத்துக்குத் தர முன்வந்தது 5 சதம். கைதேர்ந்தவர்கள் மடித்த அழகான உருவத்துக்கு மற்றவர்கள் தர முன்வந்ததோ 27 சதம். தம் கோணல் மடிப்பு கைதேர்ந்தவரின் மடிப்புக்கு ஏறக்குறையச் சமம் என்றே செய்தவர்கள் நினைத்தார்கள்.

மொடல் கார்காரருக்கு இதைவிட முக்கியமான ஒரு செய்தி அந்த ஆய்வில் உண்டு. செய்ததைப் பிரித்துப் போட்டாலோ, செய்து முடிக்காமல் விட்டாலோ அந்தக் கூடுதல் மதிப்பு தோன்றவில்லை. வேலை நிறைவேற வேண்டும். பெட்டியில் பாதி பொருத்தப்பட்டபடி கிடக்கும் காரை விற்கும்போது பாரம் இறங்கியது போல இருப்பதும், முடித்து ஓட்டிய காரை விற்கும்போது ஏதோ பிடுங்கப்பட்டது போல இருப்பதும் இதனோடு பொருந்துகின்றன. மேலே சொன்ன இரண்டு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடும் இங்கேதான் தேவைப்படுகிறது: வார்த்துச் செய்த காரில் பற்று பெரும்பாலும் தேடலிலிருந்தும் நினைவிலிருந்தும் வருகிறது, பொருத்திச் செய்த காரில் கையிலிருந்தும் வருகிறது.

அதே கார், ஆனால் அந்தக் கார் அல்ல

“அவ்வளவு ஆசையென்றால் இன்னொன்று வாங்கலாமே” என்று சொல்வார்கள். வாங்கலாம். டமியாவின் கிராஸ்ஹொப்பர் என்ற கார் 1984இல் வந்தது. 2005இல் அதே உருவத்தில் மீண்டும் வெளியிடப்பட்டது. எண்பதுகளில் விற்றுவிட்டவர்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் வாங்கிய பலருடைய அனுபவம் ஒரு விசித்திரமான ஏமாற்றம். பெட்டிப் படம் அதே படம், நிறங்களும் அதே இடத்தில், ஆனாலும் அது வேறு கார்.

இதற்கு நினைவு இயங்கும் முறை ஒரு காரணம். ஒரு வாசனையோ சத்தமோ கீறலோ பழைய நிகழ்வொன்றை மனத்தில் எழுப்புமானால் அதை ‘நினைவுத் தூண்டி’ என்பார்கள். நம் காரில் தூண்டிகள் தொழிற்சாலை செய்த இடங்களில் இல்லை. அவை பழுதுகளில் இருக்கின்றன: கோணலாக ஒட்டிய ஸ்ரிக்கர், மதிலில் மோதி உடைந்து பசை போட்ட முன்பகுதி, தம்பி தெரியாமல் முறுக்கி நெளித்த திருகு. புதிய காரில் குறையே இல்லை, அதனால் அது எதையும் நினைவூட்டுவதில்லை. ஒன்றை மட்டும் அது தரும். மறுபடி பொருத்தும் மூன்று நான்கு இரவுகளைத் தரும், அந்த இரவுகளிலிருந்து ஒரு புதிய பற்று உண்டாகலாம். பழையதன் இடத்தை அது நிரப்பும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்தான் ஏமாறுகிறார்.

இங்கும் ஒரு சுருக்கம்: விலையைப் பற்றிய பிடிவாதம் உடைமை விளைவு; செய்ததைப் பற்றிய பெருமிதம் ஐக்கியா விளைவு; கண்டவுடன் எழும் நெகிழ்ச்சி நினைவுத் தூண்டியின் வேலை. ஒரே சொல்லால் மூன்றையும் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

வருத்தமும் பற்றும் ஒன்றல்ல

வருத்தம் என்பது ஒரு தீர்மானத்தைப் பற்றிய தீர்ப்பு: விற்றிருக்கக்கூடாது. பற்று என்பது ஒரு பொருளோடு உள்ள உறவு. நான் 2022இல் என்னுடைய கிராஸ்ஹொப்பரை விற்றேன். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருடம் அது. லண்டனிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து தந்த கார் என்பதற்காக அதை அலுமாரியில் வைத்துக்கொண்டிருக்கும் நிலை வீட்டில் இருக்கவில்லை. அதே நிலை மறுபடி வந்தால் மறுபடியும் விற்பேன். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. பற்று குறையவும் இல்லை. இவை இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள்தான், விற்றவர் ஏங்குவதைக் கண்டதும் “அப்படியென்றால் திருப்பி வாங்கு” என்று அறிவுரை சொல்கிறார்கள்.

யாரிடம் போகிறது என்பது

கடைசியாக, விற்பவர்களிடம் காணப்படும் ஒரு வழக்கம். கூடிய விலை சொன்னவரை விட்டுவிட்டு, குறைவாகச் சொன்ன ஒரு பொடியனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வீட்டில் திட்டு விழும். ஆரன் புறோவும் மத்தியூ ஐசக்கும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கூறுகிறது: பொருளின் மீது பற்றுள்ள விற்பனையாளர், வாங்குபவர் அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறார் என்று கவனிக்கிறார், தமக்கு ஏற்புடைய விதத்தில் பயன்படுத்துபவர் என்றால் விலையைக் குறைக்கவும் தயாராகிறார். மூன்று தூண்களில் இரண்டு இன்னும் தம்மிடம் இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால் இது மடமையாகத் தோன்றாது. தம் உழைப்பு எங்கே போய் இருக்கப்போகிறது என்று அவர்கள் விசாரிக்கிறார்கள்.

விற்பதற்கு முன் படம் எடுத்து வைப்பதும் வீண் வேலை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் பழைய பொருள்களைத் தானம் செய்யும்படி மாணவர்களைக் கேட்டார்கள். நினைவுள்ள பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்று அறிவித்த விடுதிகளில் 613 பொருள்கள் சேர்ந்தன. சாதாரணமாகக் கேட்ட விடுதிகளில் 533. ஜூலியா வின்ரரிச்சும் இரு சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட முடிவு இது. நினைவுத் தூண்டியை வேறொரு வடிவில் வைத்துக்கொண்டால் பொருளை விடுவது சற்று இலகுவாகிறது. முழுக் காரை அழகாக எடுத்த படத்தைவிட, பசை போட்ட இடத்தை நெருங்கி எடுத்த படம் நன்றாக வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

நான் அந்தப் படங்களோடு இன்னொன்றும் செய்தேன். எந்தப் பகுதியை எப்போது மாற்றினேன், எங்கே எந்த எண்ணெய் என்று குறித்து வைத்திருந்த பாடசாலைக் கொப்பியையும் காரோடு சேர்த்துக் கொடுத்தேன். தலைக்குள் இருக்கும் அறிவில் கொஞ்சமாவது கைமாறட்டும் என்பது எண்ணம். வாங்கிய தம்பி உப்புவெளிக்காரன். நாலைந்து மாதங்கள் கழித்து, ஒரு மாரி காலத்து ஞாயிற்றுக்கிழமையில், தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணா, உங்கட கார் பின்னுக்குக் கிர்ரெண்டு சத்தம் போடுது. கொப்பியில தேடிப் பார்த்தன், இல்லை.”

பின் அச்சின் இடப்பக்கப் புஷ்ஷைக் கழற்றி மணல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதைக் கொப்பியில் எழுத மறந்துவிட்டிருந்தேன்.